அரைப்பேர் உத்தியோகம்

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். பெரட்டுக்களத்துக்கு வந்து, மலைக்குப் போய், நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து பறித்தவளுக்குச் செக்றோலில் ஒரு பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர். அவள் மழையில் நனைந்ததும் அட்டைக்கடி பட்டதும் முழு நாளுக்குத்தான்; ஏட்டில் மாத்திரம் அவள் பாதி ஆளாகிவிடுகிறாள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னர், பல தோட்டங்களில் எடையை உயர்த்தி அரைப்பேர் போட்டதும், அதை எதிர்த்துத் தொழிலாளர் போராடியதும் அண்மைக்கால வரலாறு.

மலையக இளைஞரின் மனநலத்தைப் பற்றிப் பேசப் புகும் நாம் இச்சொல்லை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உலகின் பல அரசாங்கங்கள் இன்று தமது சுகாதாரத் துறைகளில் ஒரு புதிய உத்தியோகத்துக்கு இடமளித்து வருகின்றன. மனத்துயரை அனுபவித்து அதிலிருந்து மீண்ட ஒருவரை, அதே துயரில் இருப்பவருக்குத் துணையாக நியமிப்பதே அந்த உத்தியோகம். சகபாடித் துணையாளர் என்று அவரை அழைக்கலாம். இளைஞருக்கு இளைஞரே துணை என்ற இந்த எண்ணம் நல்லது. நம் மலைநாட்டுக்கு மிக அவசியமானது. ஆனால் இத்தகைய எண்ணங்களை அரசுகள் செயற்படுத்தும் விதத்தை நோக்குமிடத்து, பெரட்டுக்களத்துக் கணக்கே இங்கும் நுழைந்துவிடுமோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

சகபாடித் துணையாளர் மருந்து எழுதித் தருபவர் அல்லர். மேசைக்கு அப்பால் அமர்ந்து ஆலோசனை கூறுபவரும் அல்லர். மனநல வைத்தியரிடம் போகத் தயங்கும் இளைஞனுடன் கூடப் போய் வரிசையில் உட்காருபவர் அவர். "எனக்கும் இப்படித்தான் தூக்கம் போயிற்று, இன்னவாறு அதைக் கடந்தேன்" என்று சொல்லக்கூடியவர். மருந்தை இடையில் நிறுத்தினால் என்ன நேரும் என்பதைத் தன் அனுபவத்தால் அறிந்தவர். நிலைமை அபாயகரமாக மாறும்போது அதை இனங்கண்டு வைத்தியரிடம் சேர்ப்பிப்பவர். "இவனுக்குச் சோம்பல்" என்று ஏசும் தகப்பனிடமும் "பேய் பிடித்துவிட்டது" என்று அழும் தாயிடமும் அவர்களது மொழியிலேயே பேசுபவர்.

மற்றெந்த உத்தியோகத்துக்கும் விண்ணப்பிக்கும்போது மறைக்கவேண்டியதாகக் கருதப்படும் நோய், இங்கே தகுதியாகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எளிதில் வந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரின் பிசெத்ர் மருத்துவமனையில், அங்கேயே நோயாளியாயிருந்து குணமடைந்த ழான் பப்தீஸ்த் புஸ்ஸேன் என்பவர் மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளரானார். பணியாட்களையும் கூடியவரை குணமடைந்தவர்களிடையிருந்தே அவர் தெரிவு செய்தார். அடிக்காமல், இழிவுபடுத்தாமல் நடத்தக்கூடியவர்கள் அவர்களே என்பது அவர் கண்ட உண்மை. அம்மருத்துவமனையில் மனநோயாளரின் விலங்குகள் 1797இல் அகற்றப்பட்டதில் இந்தப் பழைய நோயாளியின் பங்கு பெரிது. பின்னர் 1970களில் அமெரிக்காவில், மருத்துவமனைகளுக்குள் அடைபட்டிருந்தோர் ஒன்றுகூடித் தங்களைப் பற்றித் தாங்களே பேசும் உரிமையைக் கோரினர். அந்த இயக்கத்தின் விளைவாகவே ஜோர்ஜியா மாநிலம் 1999இல், ஏழைகளுக்கான அரச மருத்துவ நிதியிலிருந்து சகபாடித் துணைக்குக் கூலி கொடுக்க முன்வந்தது. 2007இல் ஐக்கிய அமெரிக்க மத்திய அரசும் அதைப் பலன் நிறுவப்பட்ட சேவையென ஏற்று மாநிலங்களுக்கு வழிகாட்டியது. ஆக, இந்த உத்தியோகம் நோயாளரின் போராட்டத்திலிருந்து பிறந்தது. தம்மைப் பற்றிப் பேச உரிமை கேட்டவர்கள், பேசியதற்குக் கூலியும் பெற்றார்கள். பின்னர் வந்த பிரதிகளில் முதலில் மறக்கப்பட்டது இந்தக் கூலியே.

2

இனி மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவ என்று விரியும் இப்பிரதேசத்தில் அரசின் மனநல ஏற்பாடுகள் அறவே இல்லை என்று கூற முடியாது. 2005 முதல் 2015 வரையிலான காலத்துக்கென வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை, அங்கொடையில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க முயன்றது. மனநலத்துக்கெனப் பயிற்றப்பட்ட வைத்திய அதிகாரிகள் உள்ளனர். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் உள்ளனர். 'யொவுன் பியச' என்ற பெயரில் இளைஞர் சுகாதார நிலையங்கள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண் உள்ளது. இவற்றை உருவாக்கியோரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எங்கே நிற்கின்றன, லயம் எங்கே நிற்கிறது? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் 331 பிரதேச செயலகப் பிரிவுகளுக்குச் சராசரியாக அறுபதாயிரம் பேர் அளவில் இருந்தனர். அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரு பிரிவுகளிலும் அன்று தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஒரு பிரிவுக்கு ஓர் உத்தியோகத்தர் என்று கொழும்பில் கணக்கிட்டபோது, மலையகத்துக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கே. புதிய செயலகங்கள் வேண்டுமென்ற கோரிக்கை பல்லாண்டுகள் எழுப்பப்பட்ட பின்னரே இப்பிரிவுகளைப் பிரிக்கும் முடிவு வந்தது என்பதை வாசகர் அறிவர்.

தூரம் ஒன்று, மொழி இன்னொன்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் நோயாளி தமிழில் கூறும் துயரம் வேறொரு மொழியில் பதியப்படுவது இன்றும் நிகழ்கிறது. இடையில் மொழிபெயர்ப்பவர் ஒரு சிற்றூழியராக இருக்கலாம், தாயாகவே இருக்கலாம். தாயிடம் மறைத்த ஒன்றை, தாயை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எந்த மகள் சொல்வாள்?

மொழி என்பது சொல்லகராதி மாத்திரமன்று. "மனச்சோர்வு" என்றோ "பதகளிப்பு" என்றோ தோட்டத்தில் எவரும் சொல்வதில்லை. "ஒரே யோசனையா இருக்கு" என்பார்கள். "நெஞ்சு படபடங்குது", "மனசு சரியில்ல" என்பார்கள். நோய் நீங்க முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் நேர்த்தி வைப்பார்கள். தேயிலை ஆலையின் சக்கரத்தையே தெய்வமாக்கி 'ரோதை முனி' என்று வணங்கும் மக்கள் அவர்கள். இயந்திரத்தின் மேல் கொண்ட அச்சத்துக்கும் ஒரு பெயரிட்டு வழிபாடு வகுத்த அந்த மனத்தின் மொழியை, வெளியிலிருந்து வருபவர் அறிந்துகொள்ள நெடுங்காலம் செல்லும். அங்கேயே பிறந்தவருக்கு அது தாய்ப்பாலோடு வந்தது.

இதற்கு உலகில் உதாரணம் உண்டு. சிம்பாப்வே நாட்டில் மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த நிலையில், 2006இல் டிக்சன் சிபண்டா என்ற வைத்தியர் ஹராரே நகரின் ஏழைப் பகுதியான ம்பாரேயில், மூதாட்டியரைப் பயிற்றி, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரவாங்கில் அமரச் செய்தார். துயருற்றோர் அந்த வாங்கில் வந்து அமர்ந்து பேசினர். அந்நாட்டு ஷோனா மொழியில் துயரத்துக்கு வழங்கும் பெயர் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசித்தல் என்பது பொருள். நமது லயத்துப் பெண்ணின் 'யோசனை' அதுவேயன்றோ! 2016இல் வெளியான ஆய்வு, அந்த வாங்கில் அமர்ந்தோரின் மனச்சோர்வு ஆறு மாதங்களின் பின் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்ததை நிறுவியது. மக்களின் சொல்லிலிருந்தே சிகிச்சையைத் தொடங்கியமை அதன் வெற்றிக்கு ஒரு காரணம்.

லயத்தில் வாழ்பவருக்கு இன்னுமொரு தடை உண்டு: தனிமையின்மை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. மேலே திறந்த கூரையில் பக்கத்து வீட்டு இருமல் கேட்கும். தோட்ட மருந்துச்சாலைக்குப் போனால் நிர்வாகத்துக்குத் தெரியும். தனி முகவரி இல்லாத லயங்களுக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே போகும். வைத்தியசாலைக் கடிதமும் அவ்வழியேதான் வரவேண்டும். தற்கொலை முயற்சி இந்நாட்டில் 1998 வரை குற்றமாக இருந்தது. சட்டம் நீக்கப்பட்டாலும் வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் வரும் என்ற அச்சம் நீங்கிவிடவில்லை. இத்தகைய இடத்தில் ஓர் இளைஞன் தன் மனத்தைத் திறப்பதானால், அது காரியாலயத்து நாற்காலியில் நடவாது. விளையாட்டு மைதானத்து ஓரத்திலோ, கோயில் படியிலோ, தேயிலைக்கிடையே போகும் குறுக்குப் பாதையில் நடந்துகொண்டோதான் நடக்கும். அந்தப் பாதையை அறிந்த ஒருவர் வேண்டும்.

3

இவ்விடத்தில் நம் அணியைச் சேர்ந்தோரிடமிருந்தே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். "சம்பளத்தை உயர்த்துங்கள், லயத்தை இடித்து வீடு கட்டுங்கள், காணி கொடுங்கள், மனம் தானே நலமாகும். ஆறுதல் சொல்ல ஆள் வைப்பது, புண்ணுக்குக் காரணத்தை விட்டுப் புண்ணுக்கு விசிறுவதாகும்" என்பார்கள். இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை ஆராயவேண்டும்.

முதலில் உண்மையான பாதி. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். அன்று உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அதன்பின் அவ்விகிதம் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்தது. காரணம் என்ன? கொடிய பூச்சிகொல்லிகளையும் களைகொல்லிகளையும் அரசு 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தது. 2015 வரையான இருபது ஆண்டுகளில் இதனால் 93,000 உயிர்கள் காக்கப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். தனி மனிதரின் மனத்தை மாற்ற முயலாமல், அவர்களைச் சூழ்ந்த பொருளுலகில் ஒன்றை மாற்றியதன் பலன் இது. சமுதாய நிலைமையே முதன்மையானது என்று கூறுவோருக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

எனினும் இச்சான்று இன்னொன்றையும் கூறுகிறது. தடையுத்தரவு நஞ்சை அகற்றியது. நஞ்சை நாடவைத்த வேதனையை அகற்றவில்லை. உயிர் தப்பிய அந்த ஆயிரக்கணக்கானோர் மறுநாள் காலை கண்விழித்தபோது, அவர்களது கடனும் அவமானமும் தனிமையும் அங்கேயே இருந்தன. அந்தக் காலைப்பொழுதில் அவர்கள் அருகே அமர யார் இருந்தார்?

சம்பளம் உயர்வது வர்க்கத்துக்கு. துயரம் வருவதோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியே. சாதாரண தரப் பரீட்சையில் தவறிக் கொழும்புக் கடையொன்றில் நின்று, ஏச்சுப் பொறுக்காமல் திரும்பி வந்த பையன்; தாய் வளைகுடா நாட்டுக்குப் போனபின் தம்பி தங்கையரை வளர்க்கும் பதினைந்து வயதுப் பெண்; பல்கலைக்கழகத்தில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசும் மாணவன்; இவர்களுக்குப் போராட்டத்தின் வெற்றி வரும்வரை காத்திரு என்று கூறுவது அறமாகாது. அன்றியும், படுக்கையை விட்டு எழ முடியாதவன் போராட்டத்துக்கு எப்படி வருவான்? 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைப் பிரச்சினைக்கு இறுதிச் சட்டம் வந்தது 2003இல். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியபோது, யாரும் அவர்களது விருப்பத்தைக் கேட்கவில்லை. உறவுகள் அறுந்த அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகளே இன்றைய இளைஞர். அவர்களது மனவேதனைக்குச் சமுதாயக் காரணம் உண்டு என்பதனாலேயே, அந்த வேதனையைச் சமுதாயம் கேட்டேயாகவேண்டும்.

மலையக இலக்கியம் இதை முன்னரே உணர்ந்திருந்தது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' முதல், என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் கதைகள் வரை, தோட்டத்துப் பாத்திரங்கள் கூலிக்கணக்கில் மாத்திரம் வாழ்வதில்லை. 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற தலைப்பே போதும்: கூடையின் எடையோடு ஒரு பெண்ணின் மானமும் நிறுக்கப்படும் உலகம் அது. சி.வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலையும் எண்ணிப் பார்க்கலாம். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் மக்கள் தம் துயரை ஒருவருக்கொருவர் கேட்கவைத்தார்கள். ஒப்பாரியில் ஒருத்தி சொல்ல, சுற்றியிருப்போர் அவள் சொல்லை ஏற்று அழுவார்கள். சகபாடித் துணை என்ற பெயர் புதிது. பொருள் மலையகத்துக்குப் புதிதன்று. ஆனால் இப்படைப்புகளை மதிப்பிட்ட விமர்சகருள் ஒரு சாரார், அவற்றில் சுரண்டலின் சான்றுகளைத் தேடியதோடு நின்றனர். சுரண்டல் மனிதனின் உறக்கத்துக்குள் எப்படிப் புகுகிறது என்பதைப் படைப்பாளி காட்டியபோது, அதைத் 'தனிமனித சோகம்' என்று ஒதுக்கினர். மனநலம் பற்றி இடதுசாரிகளிடையே நிலவும் மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

4

ஆகவே சகபாடித் துணையாளர் வேண்டும். எத்தகைய துணையாளர் என்பதே கேள்வி. இங்கேதான் அரைப்பேர் வருகிறது.

அயலில் இந்தியாவைப் பார்ப்போம். அங்கு 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டம், சகபாடி முறையை அரச மட்டத்தில் கையாளும் மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று. கிராமந்தோறும் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட ஆண்களும் பெண்களும் சகபாடிக் கல்வியாளராகத் தெரிவு செய்யப்படுகின்றனர். 'சாத்தியா', அதாவது தோழர், என்று அவர்களுக்குப் பெயர். போஷாக்கு, போதைப்பொருள், வன்முறை முதலிய ஆறு விடயங்களுள் மனநலமும் ஒன்று. திட்டத்தின் வீச்சு பாராட்டத்தக்கது. எனினும் தோழருக்குச் சம்பளம் இல்லை. சிறு ஊக்குவிப்புகளே உண்டு. பதவியும் இல்லை, வயது கடந்தால் விலகவேண்டியதுதான். இன்னொரு பிள்ளையின் துயரத்தைச் சுமக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அரசு அளிப்பது ஒரு பெயரும் ஒரு பையும்.

இலங்கைக்கு வருவோம். ஆசிரியர்களான வாசகர்கள் இதை மறந்திருக்கமாட்டார்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க, மூவாயிரம் அளவில் மலையக இளைஞர் 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பெயரில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. ஆர்ப்பாட்டங்களின் பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. அவர்கள் கற்பித்தது முழுப் பாடம். நின்றது முழு நாள். ஏட்டில் அவர்கள் 'உதவியாளர்'. நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். மலையக இளைஞருக்கு அரசு ஒரு புதிய வேலையைக் கண்டுபிடிக்கும்போது, அதன் கூலியை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதற்கு இதனிலும் தெளிவான முன்னுதாரணம் தேவையில்லை.

சகபாடித் துணையில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். "நீயும் பட்டவன்தானே, உன் மக்களுக்காகச் செய்" என்று சொல்வது எளிது. அன்பின் பேரால் உழைப்பை இலவசமாக வாங்குவது பழைய தந்திரம். தாய்மையின் பேரால் பெண்ணிடமும், தொண்டின் பேரால் ஆசிரியரிடமும் அது பலித்தது. இனி நோயின் பேராலும் பலிக்கும்.

கூலிக்கு அப்பாலும் சில ஆபத்துகள் உள்ளன. ஒன்று, அவர் படிப்படியாக எழுதுவினைஞராக்கப்படுவது. எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை படிவம் நிரப்பினாய், எத்தனை கூட்டம் வைத்தாய் என்ற கேள்விகள் வந்தவுடன், பாதையில் கூட நடந்த ஒரு மணி நேரம் கணக்கில் வராமற் போகும். கொழுந்தை நிறுக்கும் தராசு துயரத்தை நிறுக்காது. இரண்டு, அவரது சொந்தக் கதை காட்சிப்பொருளாவது. திறப்பு விழாவுக்கும் வெளிநாட்டுப் பார்வையாளருக்கும் முன்னால் அவர் தன் பழைய வேதனையை மீண்டும் மீண்டும் ஒப்புவிக்கவேண்டியிருக்கும். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவருடைய உரிமை. சம்பளம் கொடுப்பதனால் அரசு அந்தக் கதையை வாங்கிவிடவில்லை. மூன்று, அவரும் மீண்டும் நோயுறலாம். அப்போது "இவனே சரியில்லை" என்று நீக்கிவிட்டால், எந்தத் தகுதிக்காக அவர் எடுக்கப்பட்டாரோ அதுவே அவரது குற்றமாகிவிடும்.

நான்காவது ஆபத்தே மிகப் பெரியது. துணையாளர் ஒருவர் ஒரு தோட்டத்தில் ஒரு வருடம் வேலை செய்தால், நோய்களின் மூலத்தை அவர் அறிந்துவிடுவார். இந்த லயத்தில் கூரை ஒழுகி உறக்கமில்லை, அந்த லயத்தில் கடன் வசூலிக்க வருபவனுக்கு அஞ்சிப் பெண்கள் ஒளிகிறார்கள், இன்னொன்றில் கசிப்பு, வேறொன்றில் மேற்பார்வையாளனின் தொல்லை. இவற்றைச் சொல்லக் கூடாது, "மூச்சை ஆழமாக இழுத்துவிடு" என்று மாத்திரம் கற்பிக்கவேண்டும் என்று அவருக்குக் கட்டளையிட்டால், அவர் லயத்தோடு இளைஞனைச் சமாதானப்படுத்தும் தரகராகிவிடுவார். முன்னர் கூறிய ஆட்சேபக்காரர் அஞ்சியது இதையே. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குப் பரிகாரம் துணையாளரை மறுப்பதன்று. அவரது வாயைக் கட்டாதிருப்பதே பரிகாரம்.

5

எனவே முழுப்பேர் என்பதன் பொருளைத் தெளிவாகச் சொல்லிவைப்போம்.

முதலாவது, பதவி நிரந்தரமாக இருக்கவேண்டும்; சம்பளம் திறைசேரியிலிருந்து வரவேண்டும். தோட்டக் கம்பனியின் நிதியிலோ, மூன்று வருடத்தில் முடியும் வெளிநாட்டு உதவியிலோ இது தங்கலாகாது. 1872இல் வெள்ளையர் அரசு தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்த காலம் முதல், தொழிலாளியின் நோய் அரசின் பொறுப்பா முதலாளியின் பொறுப்பா என்ற இழுபறி ஓயவில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியும் முழுமை பெறவில்லை. உடல் நோய்க்கு நேர்ந்த இந்த இரண்டுங்கெட்டான் நிலை மன நோய்க்கும் நேரக் கூடாது.

இரண்டாவது, இரகசியம் காக்கும் கடமையும் உரிமையும் சட்டத்தில் எழுதப்படவேண்டும். தோட்ட நிர்வாகமோ, தொழிற்சங்கத் தலைவரோ, பாடசாலை அதிபரோ கேட்டாலும் பெயர் சொல்லாதிருக்க அவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். உயிராபத்து உள்ள இடத்தில் வைத்தியரிடம் சொல்வது மாத்திரமே விதிவிலக்கு. இந்நாட்டு மனநோய்ச் சட்டத்தின் அடிப்படை 1873இல், மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பி விளைந்த காலத்தில், இயற்றப்பட்டது. அடைத்து வைப்பது எப்படி என்பதே அதன் கவலை. கூட இருப்பது எப்படி என்பதை எழுத வேறொரு சட்டம் வேண்டும்.

மூன்றாவது, அவர் தனியே விடப்படலாகாது. மனநல வைத்திய அதிகாரியிடம் கிரமமாக ஆலோசனை பெறும் ஏற்பாடும், ஒரு பகுதித் துணையாளர்கள் தமக்குள் கூடிப் பேசும் நேரமும், நோயுற்றால் சம்பளத்தோடு ஓய்வும் வேண்டும். பயிற்சி தமிழில், மலையகத்திலேயே நடக்கவேண்டும். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பல ஆண்டுகளாக மலையகத்துக்கு ஆசிரியரை உருவாக்கித் தந்திருக்கிறது. இப்பயிற்சிக்கும் மலையில் இடமுண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி.

நான்காவது, தெரிவு முறை. சங்கங்களின் சிபாரிசுப் பட்டியலிலிருந்து இப்பதவிகள் நிரப்பப்படுமானால் முதல் நாளிலேயே நம்பிக்கை இறந்துவிடும். அனுபவம், பக்குவம், கேட்கும் பொறுமை ஆகியவற்றைக் கொண்டே தெரிவு நடக்கவேண்டும். சரிபாதியேனும் யுவதிகளாக இருக்கவேண்டும். லயத்துப் பெண் ஆணிடம் சொல்லாதவை பல.

ஐந்தாவது, காரணங்களை மேலே சொல்லும் உரிமை. பெயர்களை நீக்கி, இன்ன தோட்டத்தில் இன்ன காரணத்தால் இத்தனை பேர் துன்புறுகின்றனர் என்று ஆண்டுதோறும் அறிக்கை எழுத அவர்களுக்குக் கடமை வகுக்கவேண்டும். அது பகிரங்கமாக வெளிவரவேண்டும். நஞ்சைத் தடைசெய்யும் அறிவு, இறப்புகளை எண்ணியதிலிருந்தே அரசுக்கு வந்தது. வாழ்வோரின் வேதனையையும் எண்ணுவார்களாயின், கூரைக்கும் கடனுக்கும் பாதைக்கும் உரிய உத்தரவுகள் எவை என்பதும் தெரியவரும்.

இவற்றை ஆசிரியர்களின் தலையில் சுமத்திவிடலாம் என்று சிலர் எண்ணலாம். ஆசிரியர் பரீட்சைப் பெறுபேறுகளுக்குப் பொறுப்பாளி; மாணவனின் தோல்வியைப் பதிபவரும் அவரே. அந்தத் தோல்வியால் உடைந்தவன் அவரிடம் முதலில் பேசமாட்டான். ஆசிரியர் செய்யக்கூடியது வேறு: வகுப்பில் கடைசி வாங்கில் மௌனமாகிவிட்ட பிள்ளையைக் கவனிப்பது, துணையாளரிடம் போகும் வழியைத் திறந்து வைப்பது, மனத்துயரைக் கேலி செய்யும் சொற்களைத் தன் பாடசாலையில் அனுமதிக்காதிருப்பது. மாணவர் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் இக்கோரிக்கைகளைத் தமது கோரிக்கைப் பட்டியலில், சம்பளத்துக்கும் காணிக்கும் அடுத்த வரியில், சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஆழிப்பேரலை 2004இல் வந்தபோது கரையோரத்து மக்களின் மனக்காயம் நாட்டின் கண்ணில் பட்டது; உதவியாளர்கள் பயிற்றப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் போர் விட்டுச்சென்ற வடுக்களைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டன. மலையகத்துத் துயரத்துக்குத் தேதி கிடையாது. மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆந் திகதி மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது சில வாரங்கள் நாடு திரும்பிப் பார்த்தது. பின்னர் பார்வை அகன்றது. தேதியுள்ள துயரத்துக்கு நிவாரணம் வருகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டிருக்கும் வாழ்வுக்கு ஓர் உத்தியோகத்தர்தான் தேவை. நாள்தோறும் வேலைக்கு வரும் ஒருவர்.

மலையக மக்கள் இத்தீவுக்கு வந்த இருநூறாண்டின் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நெடும்பயணம் நடந்தது. முன்னோர் நடந்து வந்து, வழியில் வீழ்ந்து மடிந்த பாதை அது. அவர்களில் பெரும்பாலோரின் பெயரை எந்த ஏடும் பதியவில்லை. வந்து சேர்ந்தவர்களின் பெயர் கங்காணியின் கடன் ஏட்டிலும் பின்னர் செக்றோலிலும் பதியப்பட்டது. உழைத்தால் ஒன்று, குறைந்தால் அரை. இன்று அவர்களது சந்ததியிலிருந்து ஓர் இளைஞனோ யுவதியோ, தன் சொந்தத் துயரத்தைக் கடந்துவந்து, இன்னொருவரின் துயரத்துக்குத் துணை நிற்க முன்வருகிறார். அவரது நியமனக் கடிதம் வரட்டும். தோட்டக் காரியாலயத்தின் வழியாக வராமல், அவரது சொந்த முகவரிக்கு வரட்டும். அதில் 'தொண்டர்' என்றோ 'உதவியாளர்' என்றோ எழுதியிருந்தால், மலையகம் அதைத் திருப்பி அனுப்பவேண்டும்.